பதிமூன்றரை மணி நேரமும் நமக்குத்தான்

மருத்துவமனையின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத ஓர் அறையில், பத்தொன்பது வருஷமாக அவள் ஒரே வேலையைச் செய்துவந்தாள். மேலே அறுவை சிகிச்சைக்குப் பயன்பட்ட கத்திரி, இடுக்கி, கொக்கி எல்லாம் தட்டுத் தட்டாகக் கீழே இறங்கி வரும். கழுவ வேண்டும், சரிபார்க்க வேண்டும், துணியில் சுற்ற வேண்டும், பிறகு ஆட்டோகிளேவ் என்கிற ஆளுயர நீராவி இயந்திரத்துக்குள் அடுக்கிக் கதவைப் பூட்ட வேண்டும். பூட்டிய கதவு தன் நேரம் முடிந்த பிறகுதான் திறக்கும். பெரிய டாக்டர் போனில் கத்தினாலும் சரி, சின்ன டாக்டர் மூச்சிரைக்க ஓடி வந்து நின்றாலும் சரி, "இன்னும் பதினோரு நிமிஷம் சார், உக்காருங்க" என்பாள். உட்கார அங்கே ஒரே ஒரு முக்காலிதான் உண்டு. அதில் அவள் உட்கார்ந்திருப்பாள்.

சுற்றிய துணியின் மேல் ஒரு நாடா ஒட்டுவார்கள். உள்ளே நீராவி போதுமான சூட்டில் போதுமான நேரம் இருந்திருந்தால் நாடாவில் கறுப்புக் கோடுகள் தானாகத் தோன்றும். கோடு வராத மூட்டை மேலே போகாது. அந்த அறையின் சட்டம் அவ்வளவுதான்.

அவசரம் என்றால் என்ன விலை என்று கேட்கும் இந்தப் பெண்ணுக்கு நெடுந்தூர சைக்கிள் சங்கத்தில் 'கடைசி வண்டி' என்று பெயர்.

சைக்கிள் அவளைத் தேடி வந்தது முப்பத்தொன்பதாவது வயதில். காலை ஐந்து மணி ஷிஃப்டுக்கு மாற்றினார்கள், அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. கல்யாணத்துக்கு முன்னால் கணவர் ஓட்டி, கல்யாணத்துக்குப் பின்னால் ஈரத் துணி காயப்போடும் கம்பியாகப் பதவி இறங்கியிருந்த சைக்கிளைத் துடைத்து எண்ணெய் விட்டுக் கிளம்பினாள். போக ஒன்பது கிலோமீட்டர், வர ஒன்பது. முதல் வாரம் தொடை நெருப்பாக எரிந்தது. ஆறாவது மாதம் வேலை முடிந்து நேரே வீட்டுக்கு வராமல் ஆற்றுப் பாலத்தைச் சுற்றி வர ஆரம்பித்தாள். "வழி மறந்துபோச்சா?" என்று கணவர் கேட்டதற்கு, வழி நன்றாக ஞாபகம் இருப்பதால்தான் வேறு வழியில் வந்ததாகச் சொன்னாள். அவருக்குப் புரியவில்லை. சாப்பாட்டைச் சூடு பண்ணி வைத்தார்.

ஒருநாள் பஞ்சர் ஒட்டப் போன கடையின் சுவரில் ஓர் அறிவிப்பு. இருநூறு கிலோமீட்டர், பதிமூன்றரை மணி நேரம். பந்தயம் அல்ல. முதலில் வருகிறவருக்கும் கடைசியில் வருகிறவருக்கும் ஒரே பதக்கம். கையில் ஓர் அட்டை கொடுப்பார்கள். வழியில் இருக்கும் நிலையங்களில், ஒவ்வொன்றும் மூடும் நேரத்துக்குள் போய், அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். சில இடங்களில் ஆள் இருக்க மாட்டார்கள், ஒரு கேள்விதான் இருக்கும். அங்கே போய்ப் பார்த்தால் மட்டும் விடை தெரிகிற கேள்வி. நிலையங்களுக்கு நடுவே வெளியாள் உதவி கூடாது. இவ்வளவையும் பஞ்சர் காயும்வரை நின்று இரண்டு தடவை படித்தாள்.

முதல் தடவை அவள் முடிவிடத்துக்கு வந்தபோது ஒன்பது நிமிடம் மீதி இருந்தது. நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்த ஒருவர், "அப்பாடா, கடைசி வண்டி வந்தாச்சு, கிளம்பலாம்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அடுத்த வாரம் பெயின்டரிடம் கொடுத்துப் பின்சக்கரத்து மட்கார்டில் 'கடைசி வண்டி' என்று வெள்ளை எழுத்தில் எழுதி வாங்கினாள். அதற்கப்புறம் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரிக்க யாருக்கும் ருசி இருக்கவில்லை.

எட்டு வருஷத்தில் முப்பத்தொரு ஓட்டம். முப்பத்தொன்றிலும் கடைசி. முப்பத்தொன்றும் நேரத்துக்குள். கொஞ்சம் வேகமாக மிதித்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில் வைத்திருந்தாள். "பதிமூன்றரை மணி நேரம் குடுத்திருக்காங்க. எட்டு மணி நேரத்துல முடிச்சா மீதியைத் திருப்பித் தரப் போறாங்களா?"

அவளிடம் ஒரு கெட்ட பழக்கமும் இருந்தது. ஆள் பிடிப்பாள். சாப்பாட்டு வரிசையில், மருந்து வாங்கும் ஜன்னலில், லிஃப்டுக்குக் காத்திருக்கும் கூட்டத்தில், யாராவது சோர்ந்த முகத்தோடு நின்றால் போதும், பக்கத்தில் போய், "ஞாயித்துக்கிழமை காலைல என்ன பண்றீங்க?" என்பாள். தூங்குவோம் என்பார்கள். "மத்தியானமும் தூங்கலாமே" என்பாள். வந்தவர்களில் பாதிப் பேர் பாதி வழியில் நின்றார்கள் என்பது உண்மைதான். அதில் பாதிப் பேர் மறுபடி வந்தார்கள் என்பதும் உண்மை. இரண்டாவது உண்மையைச் சங்கத்தில் யாரும் எழுதி வைக்கவில்லை.

சங்கத்தின் செயலாளர் ஒரு பல் டாக்டர். நல்ல மனிதர், நேர்மையானவர், இருநூறை ஏழரை மணி நேரத்தில் முடிப்பவர். பொதுக்கூட்டத்தில் எழுந்து ஒரு புதிய விதியைப் படித்தார். போன வருஷம் புதிதாக வந்த இருபத்திரண்டு பேரில் பதினைந்து பேர் முடிக்கவில்லை. ஆளாளுக்கு வண்டி அனுப்பி ஏற்றிவர வேண்டியிருக்கிறது. முத்திரை போடுகிறவர்கள் வெயிலில் சும்மா காய்கிறார்கள். ஆகவே இனிமேல் புதியவர்கள் முதலில் நூறு கிலோமீட்டரை ஐந்து மணி நேரத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும், அதன் பிறகுதான் இருநூறுக்கு அட்டை.

எட்டு வருஷமாகக் கூட்டங்களில் வாயே திறக்காதவள் அன்றைக்கு எழுந்து நின்றாள்.

"நூறை அஞ்சு மணி நேரத்துல நானே ஓட்டினதில்லையே டாக்டர்."

அவள் பழைய உறுப்பினர், இந்த விதி அவளைத் தொடாது என்று அவர் அன்பாகவே சொன்னார்.

"அப்போ நான் இருக்கலாம். என்னை மாதிரி இன்னொருத்தி உள்ள வரக் கூடாது. அதானே?"

நாற்காலிகள் கொஞ்சம் முனகின. இருநூறு கிலோமீட்டருக்குப் பதிமூன்றரை மணி நேரம் என்றால் நூறுக்கு ஆறே முக்கால். உள்ளே ஆறே முக்காலில் போகலாம், வாசலைத் தாண்ட மட்டும் ஐந்தில் வர வேண்டும் என்றால், வாசல் யாருக்காகக் கட்டியிருக்கிறது என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. உட்காரவும் இல்லை.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில் ஓர் ஒப்பந்தம் சொன்னார். மூன்று மாதம் கழித்து நடக்கும் இருநூறுக்கு அவள் மூன்று புதியவர்களைக் கொண்டு வரலாம். மூவரில் இரண்டு பேர் நேரத்துக்குள் முடித்தால் விதியை அவரே கிழித்துப் போடுவார். இல்லாவிட்டால் மறுநாளே அமல்.

"யாரை வேணா கொண்டு வரலாமா?"

"யாரை வேணாலும்."

அவள் திடகாத்திரமான மூன்று பேரைத் தேடிப் பிடிப்பாள் என்று அவர் நினைத்திருப்பார். அவள் கொண்டு வந்தது வேறு மாதிரி.

முதலாவது, மருத்துவமனை மருந்துக் கடைக்காரர். ஐம்பத்தாறு வயது, அதில் பாதி வயிற்றில். "நான் இருநூறு கிலோமீட்டர் பஸ்ஸுலகூடப் போனதில்லம்மா, பாதில எறங்கிடுவேன்" என்று சொல்லிவிட்டு, எந்தச் சைக்கிள் வாங்கலாம் என்று மறுநாளே விசாரித்தார். இருப்பதே போதும், சீட்டை மட்டும் நான்கு விரல் உயர்த்துங்கள் என்றாள்.

இரண்டாவது, லிஃப்ட் மெக்கானிக். முப்பத்துநான்கு வயது, ஒடிசலான ஆள், காலில் சக்கரம் கட்டியவன். தான் பழுது பார்த்த லிஃப்டுக்கே காத்திருக்கப் பொறுமை இல்லாமல் படியில் ஓடுவான். ஓட்டுவான், சந்தேகமில்லை. நிற்பானா என்பதுதான் சந்தேகம்.

மூன்றாவது, அவளுடைய சொந்த நாத்தனார். பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர், மாடி வீட்டில் குடியிருப்பு. பெரிய ரோட்டைக் கடக்க வேண்டுமென்றால் எதிர்ப்பக்கக் கடைக்காரருக்கே போன் செய்து சாமானை இந்தப் பக்கம் கொண்டுவரச் சொல்லும் ரகம். அவளுடைய அண்ணன், அதாவது கடைசி வண்டியின் கணவர், "அவளுக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம், பயந்து செத்துடுவா" என்று சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். நாத்தனார் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"அண்ணி, நான் வர்றேன்."

அது ஆசையில் சொன்னதல்ல, அண்ணனுக்குச் சொன்ன பதில். எப்படி வந்தால் என்ன, வந்தாளே.

பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஓட்டினார்கள். முதல் வாரம் முப்பது கிலோமீட்டர். நாத்தனார் இறங்கி, வீட்டுப் படியைக் கையால் பிடித்து ஏறினாள். மருந்துக் கடைக்காரர் தன் கடை மருந்தைத் தானே வாங்கித் தேய்த்துக்கொண்டார். கடைசி வண்டி பாடம் நடத்துகிறவள் இல்லை, பின்னால் வந்துகொண்டே ஒன்றிரண்டு சொல்வாள். "பசிக்கறதுக்கு முன்னாடி சாப்பிடு. தாகம் எடுக்கறதுக்கு முன்னாடி குடி. அழுகை வந்தா ஓட்டிக்கிட்டே அழு, நின்னு அழுதா நேரம் போகும்." இருநூறு என்ற எண்ணை யாரும் வாயில் எடுக்கக் கூடாது என்பது அவள் போட்ட ஒரே தடை. அடுத்த டீக்கடை எவ்வளவு தூரம், அதை மட்டும் பேசலாம். டீக்கடை வந்துவிட்டால் அதற்கடுத்த டீக்கடை.

ஓட்ட நாள் காலை ஐந்தரைக்கு விளையாட்டு மைதானத்து வாசலில் அட்டையை வாங்கிக் கிளம்பினார்கள். மாலை ஏழு மணிக்குள் அதே வாசலுக்குத் திரும்ப வேண்டும். வேகமானவர்கள் முதல் திருப்பத்திலேயே மறைந்தார்கள். மெக்கானிக் இருபது கிலோமீட்டர் வரை பொறுமையாக இருந்தான், பிறகு, "அக்கா, இப்படி உருட்டினா எனக்குத் தூக்கம் வருது, முன்னாடி போயி நிக்கறேன்" என்று பறந்துவிட்டான். அட்டையின் பின்பக்கம் எல்லாம் எழுதியிருக்கிறது, படித்துப் படித்துப் போ என்று பின்னாலிருந்து சொன்னாள். காற்று எடுத்துக்கொண்டது போக மீதி அவன் காதில் விழுந்ததா என்று தெரியாது.

பெட்ரோல் பங்கில் முதல் முத்திரை, பதினெட்டு நிமிடம் மிச்சம். நூற்று மூன்றாவது கிலோமீட்டரில் பள்ளிக்கூட வாசலில் இரண்டாவது முத்திரை, பதினேழு நிமிடம் மிச்சம். வாழைப்பழம், அவித்த முட்டை, உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு. வெயில் ஏறியது. நூற்றுப் பதினெட்டில் மருந்துக் கடைக்காரர் ஒரு மரத்தடியில் காலை ஊன்றி, மெதுவாக இறங்கி, வேர்மேல் உட்கார்ந்தார். வலது முட்டி பன் மாதிரி உப்பியிருந்தது.

"முட்டி ராஜினாமா குடுத்துடுச்சும்மா. நான் ஏத்துக்கிட்டேன்."

அவள் சைக்கிளைச் சாய்த்துவிட்டு அவர் பக்கத்தில் உட்காரப் போனாள். அவர் கையை ஆட்டித் தடுத்தார். இரண்டு பேர் முடித்தால் போதும்தானே, அந்த இரண்டு பேர் இன்னும் ரோட்டில் இருக்கிறார்கள், தன்னைப் பார்த்துப் பரிதாபப்படும் நேரத்தில் மூன்று கிலோமீட்டர் போகலாம் என்றார். சங்க வண்டிக்குத் தானே போன் போட்டுக்கொள்வதாகச் சொன்னார். "போங்க. அடுத்த தடவை இந்த மரத்தைத் தாண்டறேன் பாருங்க." அடுத்த தடவை என்ற ஒன்று இருக்குமா என்பதே அன்றைக்கு மீதி இருக்கும் இரண்டு பேர் காலில்தான் இருக்கிறது என்று அவருக்கும் தெரியும்.

நூற்று முப்பத்தெட்டில் இடது பக்கம் ஒரு மண் சாலை பிரியும். இரண்டு கிலோமீட்டர் உள்ளே போனால் சாலை முடிந்துவிடும். அங்கே ஒரு பழைய தண்ணீர்த் தொட்டி. ஆள் இல்லாத நிலையம் அதுதான். அட்டையில் இருந்த கேள்வி, தொட்டியின் மேல் பொறித்திருக்கும் ஆண்டு எது என்பது. நாத்தனார் அண்ணாந்து பார்த்துவிட்டு, அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்து, அட்டையில் எழுதினாள். திரும்பி வந்து பெரிய சாலையில் ஏறினார்கள்.

நூற்று ஐம்பத்து மூன்றாவது கிலோமீட்டர் நிலையம் ஒரு டீக்கடை. மூன்று இருபதுக்குப் போய்ச் சேர்ந்தபோது மெக்கானிக் பெஞ்சில் மல்லாந்து, செருப்பைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் வந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. சத்தம் கேட்டு எழுந்து, சோம்பல் முறித்து, "என்ன, இப்பதான் வர்றீங்களா?" என்றான், கல்யாண வீட்டுக்கு முதல் பந்தியில் வந்தவன் மாதிரி.

நாத்தனார் டீயை வாங்கிக்கொண்டே பேச்சுக் கொடுத்தாள். "அந்தத் தொட்டில போட்டிருந்த வருஷத்தைப் பாத்தீங்கள்ல? நான் பொறந்த வருஷம். எனக்கும் அதுக்கும் ஒரே வயசு. விரிசல் மட்டும் அதுக்கு ஜாஸ்தி."

"எந்தத் தொட்டி?"

அவன் அட்டையை எடுத்துப் பார்த்தான். முத்திரை மூன்றும் இருந்தது. கேள்விக்கு எதிரே இருந்த கோடு வெறுமையாக இருந்தது. மண் சாலையை அவன் பார்க்கவே இல்லை. வேகமாகப் போகிறவன் கண்ணில் அது ஒரு வயல் வரப்பு.

நாத்தனார் பக்கம் மெல்லத் திரும்பினான். "மேடம், உங்க வயசு என்ன?"

"சொல்லாதே" என்றாள் கடைசி வண்டி.

"நான் எப்ப அண்ணி சொல்லியிருக்கேன்?"

அவன் சிரிக்கவில்லை. திரும்பிப் போய் அந்தத் தொட்டியைப் பார்த்து வர இருபத்தாறு கிலோமீட்டர். அதன் பிறகு முடிவிடத்துக்கு நாற்பத்தேழு. எதிர்காற்று வேறு ஆரம்பித்துவிட்டது. மூன்றரை மணி நேரம்தான் இருக்கிறது. குரலைத் தாழ்த்தி அவளை ஓரமாக அழைத்தான்.

"அக்கா, நாலே நாலு நம்பர். நான் உங்களைவிட ஒன்றரை மணி நேரம் முன்னாடி வந்தவன். எனக்குத் தெம்பு இல்லன்னு யாராவது சொல்ல முடியுமா? யாருக்குத் தெரியப் போகுது? நான் முடிக்கலன்னா உங்க வாசலையே சாத்திடுவாங்க. அதை யோசிங்க."

அவள் யோசித்தாள். முத்திரை போடுகிறவர் முதுகைக் காட்டி நின்றார். பேனா மேஜைமேல் கிடந்தது. லிஃப்டுக்குக் காத்திருக்கும் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. இனி அவர்களிடம் ஞாயிற்றுக்கிழமை காலையில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்க முடியாது. கேட்டுவிட்டு, முதலில் ஐந்து மணி நேரத்தில் ஓட்டிக் காட்டிவிட்டு வாருங்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. நாலே நாலு நம்பர். அவன் அவ்வளவு தூரம் ஓட்டியவன்தான், அதில் பொய் இல்லை.

"எங்க ரூம்ல ஒரு நாடா ஒட்டுவோம்" என்று ஆரம்பித்தாள். "ஆவி சரியா ஏறினா அதுல கறுப்புக் கோடு வரும். பேனாவால வரைஞ்சாலும் அதே மாதிரிதான் இருக்கும். மேல ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது. பத்தொன்பது வருஷத்துல எத்தனையோ நாள் மேலருந்து கத்தியிருக்காங்க, பேனா பாக்கெட்லயேதான் இருந்திருக்கு. ஒருத்தரும் வரைஞ்சதில்ல."

"இது ஆபரேஷன் இல்லக்கா. சைக்கிள்."

"நம்ம மாதிரி ஆளுங்களால முடியும்னு காட்டத்தான வந்தோம்? முடியாததை முடிஞ்சதா எழுதிட்டா, டாக்டர் சொன்னது சரின்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி."

அவன் அவளை முறைத்தான். நீங்கள் மனுஷியா மெஷினா என்று கேட்டான். மெஷினோடுதான் பத்தொன்பது வருஷம் குடித்தனம் என்றாள். அவன் பாட்டிலில் தண்ணீரை நிரப்பி, நான்கு வாழைப்பழத்தைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, அச்சில் ஏற்ற முடியாத ஒரு வார்த்தையைத் தொட்டிக்குச் சொல்லிவிட்டு, வந்த வழியே திரும்பினான். எழுந்து நின்று மிதித்துப் போனான். அவன் கிளம்பும்போது மணி மூன்று இருபத்தைந்து.

அண்ணியும் நாத்தனாரும் மூன்று முப்பத்தைந்துக்குக் கிளம்பினார்கள். நேர் எதிர்க்காற்று, நெஞ்சில் கை வைத்துத் தள்ளுவது போல. நாத்தனார் நூற்றெழுபதில் அழ ஆரம்பித்தாள். நிற்காமல் அழுதாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, அண்ணன், பள்ளிக்கூடத் தலைமை எழுத்தர், காற்று, சைக்கிளைக் கண்டுபிடித்தவன் என்று வரிசையாக எல்லோரையும் திட்டினாள். நூற்றெண்பத்தாறில் நான்கு வழிச் சாலையைக் கடக்க வேண்டும். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. பின்னால் வந்த கடைசி வண்டி, அவளைப் பிடித்துக் கடத்திவிட வேண்டுமே என்று வேகமாக மிதித்து வந்து பார்த்தால், நாத்தனார் இடது வலது பார்த்து, ஒரு லாரிக்காரனுக்குக் கையைக் காட்டி நிறுத்தி, அந்தப் பக்கம் போய், "என்ன அண்ணி, பயமா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மைதானத்து வாசலில் ஆறு ஐம்பத்தொன்று. டாக்டர் அட்டைகளை வாங்கி, ஒவ்வொரு முத்திரையையும் பார்த்து, விடையைப் பார்த்து, நேரத்தை எழுதினார். நாத்தனாரிடம் எழுந்து நின்று கை கொடுத்தார். மருந்துக் கடைக்காரர் முட்டியில் ஐஸ் பையோடு நாற்காலியில் இருந்தார். "ஒண்ணு ஆச்சு" என்றார். இன்னொன்று எங்கே என்று டாக்டர் கேட்டார். வழியில் இருக்கிறான் என்றாள்.

ஒன்பது நிமிடம். எட்டு பேர் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தூரத்தில் வந்த ஒவ்வொரு விளக்கும் மோட்டார் சைக்கிளாக இருந்தது. ஏழு மணிக்கு டாக்டர் பேனாவை மூடினார். மூடியதை யாரும் பார்க்கக் கூடாது என்பது போல மேஜைக்குக் கீழே வைத்து மூடினார்.

ஏழு மணி இரண்டு நிமிடத்துக்கு அவன் வந்தான். சைக்கிளிலிருந்து இறங்கவில்லை, சரிந்தான். தரையில் உட்கார்ந்தபடியே அட்டையை நீட்டினான். கேள்விக்கு எதிரே விடை இருந்தது. அவசரத்தில் கிறுக்கியது, கோட்டைவிட்டு வெளியே போயிருந்தது.

என்ன ஆயிற்று என்று டாக்டர் கேட்க, நாத்தனார்தான் சொன்னாள். மண் சாலையைத் தவறவிட்டது, டீக்கடை, இருபத்தாறு கிலோமீட்டர், எல்லாம். விடை எங்கள் இரண்டு அட்டையிலும் எழுதியிருந்தது, அவன் பக்கத்தில்தான் நின்றான் என்றும் சொன்னாள். தன் பிறந்த வருஷம் என்பதை மட்டும் விட்டுவிட்டாள்.

டாக்டர் அட்டையை மேஜைமேல் வைத்தார். பிறகு பேனாவைத் திறந்தார். "நான் ஆறு அம்பத்தொம்பதுன்னு போட்டுடறேன்" என்றார், யாரையும் பார்க்காமல்.

கடைசி வண்டி வாயைத் திறக்கவில்லை. அது அவளுடைய அட்டை இல்லை. மெக்கானிக்தான் தரையிலிருந்து தலையைத் தூக்கினான்.

"லிஃப்ட் தரைக்கு ஒரு கை கீழ நின்னா, வந்துடுச்சுன்னு கதவைத் திறக்க மாட்டேன் சார். ஏழு ரெண்டுன்னே போடுங்க."

"அப்படிப் போட்டா விதி அமலாயிடும். தெரியும்ல?"

"தெரியும். நீங்க பாவம் பாத்துத் திறந்து விட்டா, நாளைக்குக் கோவம் வந்தா சாத்திடுவீங்க. போடுங்க சார்."

டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். ஏழு இரண்டு என்று எழுதினார். மறுநாள் பஞ்சர் கடைச் சுவரில் புதிய விதி ஒட்டப்பட்டது.

அந்த வாரம் அடித்தளத்து அறையில் அவள் யாரிடமும் அதிகம் பேசவில்லை என்று சொன்னால் பொய். வழக்கத்தைவிட அதிகமாகப் பேசினாள். லிஃப்ட் வாசலில் நின்றாள், சாப்பாட்டு வரிசையில் நின்றாள். இப்போது கேள்வியோடு ஒரு வரி சேர்த்துக்கொண்டாள். "சங்கத்துல சேக்க மாட்டாங்க. பதக்கம் கிடையாது. பரவால்லையா?" சிலர் அதைக் கேட்டதும் நகர்ந்தார்கள். சிலருக்கு அந்த வரியைக் கேட்டபிறகுதான் முகம் மாறியது.

அடுத்த ஓட்டத்துக்குச் சங்கத்துக்காரர்கள் பதினொரு பேர் மைதானத்து வாசலில் கூடினார்கள். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், விளக்குக் கம்பத்தடியில், ஏழு பேர் நின்றார்கள். மருந்துக் கடைக்காரர், முட்டியில் பட்டை கட்டியிருந்தார். மெக்கானிக். நாத்தனார். ரத்தம் எடுக்கும் பிரிவிலிருந்து இரண்டு பெண்கள். வாட்ச்மேன் ஒருவர். கடைசி வண்டி. பள்ளிக்கூடத்துப் பழைய ஃபைல் அட்டைகளை வெட்டி, நாத்தனார் தன் எழுத்தர் கையெழுத்தில் நிலையங்களையும் மூடும் நேரங்களையும் எழுதி ஆளுக்கொன்று கொடுத்திருந்தாள். அதே சாலை, அதே இருநூறு, அதே பதிமூன்றரை மணி நேரம். மண் சாலைத் திருப்பம் மட்டும் சிவப்பு மையில் மூன்று தடவை அடிக்கோடிட்டிருந்தது.

டாக்டர் ரோட்டைக் கடந்து வந்தார். கையில் அவளுடைய பெயர் அச்சடித்த சங்கத்து அட்டை இருந்தது.

"இது உங்களோடது. நீங்க எப்பவும் போல எங்களோட வரலாமே."

"இவங்க எல்லாருக்கும் இருக்கா டாக்டர்?"

அவர் அட்டையைக் கையில் திருப்பினார்.

"அப்போ எனக்கும் வேண்டாம். விதியை எடுத்த அன்னிக்கு வாங்கிக்கறேன்."

முப்பத்திரண்டு ஓட்டம் எழுதியிருக்கும் பதிவில் ஒரு வெற்றிடம் விழும், வருஷாந்திர விருதெல்லாம் போய்விடும் என்று அவர் மெதுவாக எடுத்துச் சொன்னார். அவருக்கு உண்மையிலேயே வருத்தமாகத்தான் இருந்தது. பிறகு மற்ற ஆறு பேரையும் பார்த்து, இவர்கள் ஓட்டுவது எங்கேயும் கணக்கில் வராது, இவர்களிடம் சொன்னீர்களா என்று கேட்டார்.

"சொல்லிட்டேன் டாக்டர். தெரிஞ்சுதான் வந்திருக்காங்க."

மணி ஐந்தரை ஆயிற்று. எதிர்ப்பக்கம் விசில் ஊதினார்கள். அவர் அவசரமாகத் தன் சைக்கிளுக்கு ஓடினார். ரத்தம் எடுக்கும் பெண்களில் இளையவள் சீட்டில் ஏறுவதற்குள் இரண்டு தடவை கால் தவறினாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. அவள் ஏறி உட்கார்ந்து, ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்து, தலையசைத்த பிறகு ஏழு பேரும் ரோட்டில் இறங்கினார்கள்.